அப்பாரு (எங்கள் தாத்தா) அன்றைக்கு மட்டும் மரியாதைக்குச் சேர்க்கிற 'ங்க' போடவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

அமராவதிக்கரை:
2021 மே 7, கொரோனா நேரம், வெளியே போக வழியில்லை. தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் நானும் அப்பாருவும் டிவியில் பதவியேற்பு பார்த்துக்கொண்டிருந்தோம். முதலமைச்சரோடு சேர்த்து 34 பேர். அதில் பெண்கள் இரண்டே பேர், கீதா ஜீவனும், எஸ்.சி.க்கு ஒதுக்கிய தனித் தொகுதியான நம் தாராபுரத்தில் ஜெயித்த கயல்விழி செல்வராஜும்.

எங்கள் அப்பாருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கன்றுக்குட்டியைக்கூட "வாங்க சாமி, இந்தப் பக்கம் வாங்க" என்றுதான் ஓட்டுவார். மூன்று வயதுப் பேத்திக்கும் 'ங்க'தான். கீதா ஜீவன் வந்தபோது "இந்தம்மா பெரியசாமி மகளுங்கல்ல, முன்னயே மந்திரியா இருந்தாங்க" என்றார். சரி. கடைசிக்குக் கிட்டே நம்மவர் வந்தார். அப்பாரு நிமிர்ந்து உட்கார்ந்து, "அட, நம்மூர்ப் புள்ள. அதும் மந்திரி ஆயிருச்சா" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார், வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டக்கூடச் செய்தார். ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே டிவியில், பத்து இருபது நிமிட இடைவெளியில் ஒருவருக்கு 'இருந்தாங்க', இன்னொருவருக்கு 'ஆயிருச்சு'. நான் ஒன்றும் கேட்கவில்லை. தோட்டத்து வேலைக்கு வருகிற அறுபது வயது ஆளைப் பத்து வயதில் நானே "வாடா" என்று கூப்பிட்டிருக்கிறேன், அப்புறம் எந்த வாயால் கேட்பது?

நொய்யல்வாசி:
கொங்கு நாட்டில் சொந்த மகளைப் பற்றியும் 'வந்துச்சு, போச்சு' என்றுதான் பேசுவோம். 'அம்மணி', 'புள்ள' எல்லாம் பிரியத்தில் வருவது. ஒரு கிழவர் டிவி பார்த்துச் சொன்னதில் போய் சாதியைத் தேட வேண்டுமா?

என் அனுபவம் வேறு மாதிரி. மே 2, ஓட்டு எண்ணிக்கை அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் என் போன் ஓயவே இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர், ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர், ஒரு மச்சான், எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "முருகன் தோத்துட்டாராமா?" எதிரே நின்றவர் பா.ஜ.க.வின் அப்போதைய மாநிலத் தலைவர், எல். முருகன், அதனால் கேட்கத்தான் செய்வார்கள். வித்தியாசம் 1,393 ஓட்டு. ஆனால் யார் ஜெயித்தார்கள் என்று அன்றைக்கு ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நானாகச் சொன்னதற்கும் ஒருவர் "அப்படியா, யாரு அது?" என்றார். ஐந்தே நாளில் ஜெயித்தவர் மாநிலத்தில் மந்திரி. தோற்றவர் ஜூலையில் மத்தியில் இணை அமைச்சர். ஒரு தனித் தொகுதிப் போட்டியில் நின்ற இரண்டு பேருமே மந்திரியான கதை வேறு எங்கே நடந்திருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

அமராவதிக்கரை:
பிரியம் என்றால் கீதா ஜீவனுக்கு ஏன் வரவில்லை? அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போங்கள். "யாரு அது" என்று உங்களிடம் கேட்டவரையும் கொஞ்சம் யோசியுங்கள்.

நொய்யல்வாசி:
கீதா ஜீவன் தூத்துக்குடிக்காரர், வெளியூர். நம்மூர்க்காரர் என்பதால் உரிமையில் வந்த பேச்சு. இதோடு விடுகிறேன்.

போதமலை அடிவாரம்:
ராசிபுரத்துக்காரன். எங்கள் ஊரில் இந்தப் பிரச்சினையே வந்ததில்லை, வந்ததில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எங்களுக்கு வி. சரோஜா. ராசிபுரம் எம்.பி.யாக இருந்தவர் (அந்த நாடாளுமன்றத் தொகுதியே இப்போது இல்லை), 2016-ல் எம்.எல்.ஏ. ஆகி 2021 வரை சமூக நலத்துறை அமைச்சர். அவரும் தனித் தொகுதியில் வந்தவர்தான். ஆனால் எங்கள் தெருவில் யாரும் 'அது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. காரணம், அவர் 'டாக்டரம்மா'. கட்சிக்காரன், எதிர்க்கட்சிக்காரன், டீ மாஸ்டர் எல்லாருக்கும் டாக்டரம்மா.

ஒருநாள் முடிவெட்டும் கடையில் ஒரு பெரியவர் சாவகாசமாகச் சொன்னார்: "டாக்டருங்கிறதால அம்மாங்கிறோம். இல்லாட்டி என்ன?" கத்தரி ஒரு நொடி நின்றது. வெட்டிக்கொண்டிருந்தவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், மறுபடி கத்தரி ஓட ஆரம்பித்தது. அவ்வளவுதான்.

2021-ல் அவரைத் தோற்கடித்த மதிவேந்தனும் டாக்டர். ஊரில் அது ஒரு ஜோக்காகவே ஓடியது. 2024 செப்டம்பரில் அமைச்சரவையை மாற்றியபோது ஆதிதிராவிடர் நலத்துறை கயல்விழியிடமிருந்து இதே மதிவேந்தனுக்குத்தான் போனது.

படிப்பகம் இரண்டாவது வரிசை:
அந்த மாற்றம் நடந்த அன்றைக்குத்தான் என் கதை. குரூப் 4 படிக்கிறேன், கோவையில் ஒரு படிப்பகம். கயல்விழிக்கு மனிதவள மேலாண்மைத் துறை என்று செய்தி வந்தது. எங்களுக்கெல்லாம் அந்தத் துறை மேல் ஒரு கண், டி.என்.பி.எஸ்.சி. சம்பந்தப்பட்ட அரசாணையெல்லாம் அங்கிருந்துதான் வரும். ஒருத்தன் சத்தமாக, "அப்ப கோட்டாக்காரங்களுக்கு இனி ஜாலிதான்" என்றான். ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். அருந்ததியர் 3 சதவீத உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 1-ஆம் தேதி தீர்ப்பு சொல்லி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த 3 சதவீதம் எஸ்.சி.க்கு இருக்கிற 18-க்குள்ளேதான், எஸ்.சி. அல்லாத யாருடைய பங்கிலிருந்தும் எடுத்ததில்லை என்று அவனுக்கும் தெரியும், முந்தின வாரம் நானே அவனுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தேன். நான் என்ன சாதி என்று அவனுக்குத் தெரியாது. நானும் சிரித்தேன். அதுதான் போகமாட்டேன் என்கிறது, நானும் சிரித்தது.

சரி, பாடம் படிக்கிறவன் என்பதால் இன்னொன்று. 1967-ல் அண்ணா அமைச்சரவையில் சத்தியவாணி முத்து, அரிஜன நலத்துறை. கயல்விழிக்கு ஆதிதிராவிடர் நலம். சரோஜாவுக்குச் சமூக நலம். 'நலம்' இல்லாமல் ஒரு துறை கொடுக்க மாட்டார்களா? நிதி? பொதுப்பணி? சத்தியவாணி முத்து 1974-ல் தி.மு.க.வை விட்டு வெளியே வந்து தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் என்று தனிக்கட்சியே தொடங்கினார். அப்புறம் அ.தி.மு.க., 1979-ல் மத்திய அமைச்சர். திராவிடக் கட்சிகளிலிருந்து முதலில் மத்திய அமைச்சரவைக்குப் போன இரண்டு பேரில் அவர் ஒருவர். எங்கள் படிப்பகத்தில் இதை ஒரு மார்க் கேள்வியாக மட்டும் மனப்பாடம் செய்கிறோம்.

அதனால் மனிதவளம் கிடைத்ததை இறக்கம் என்று பேசினவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. கயல்விழிக்கு முதல் தடவையாக 'நலம்' இல்லாத ஒன்று.

வேப்பமரத்தடி:
நான் மந்திரியை நேரில் பார்த்தவள் இல்லை. 2019 கடைசியில் நடந்த தேர்தலில் எங்கள் ஊராட்சி எஸ்.சி. பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது, நான் தலைவர் ஆனேன். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், இது பலருக்குத் தெரியாது. குடிதண்ணீர் மோட்டார் காயில் போய்விட்டது. ரிப்பேர் செய்தவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். துணைத் தலைவர் ஆபீசுக்கு வரமாட்டார், வீட்டுக்குத்தான் போகணும்.

மூன்றாவது தடவை போனபோது சாயங்காலம். வாசலில் நின்றேன். அவர் வீட்டம்மா நல்ல மாதிரி, சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். பாதி தூரம் வந்திருப்பார், அவர் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தார். அந்தம்மா திரும்பி உள்ளே போய், அதே தண்ணீரைப் பேப்பர் கப்பில் ஊற்றிக்கொண்டு வந்தார். குடித்தேன். கையெழுத்து வேணுமே.

இது 2021-ல், அந்த வருஷம்தான் தாராபுரத்தம்மா மந்திரி ஆனாங்க. டிவியில் பதவிப் பிரமாணப் பேப்பரில் கையெழுத்துப் போடுவதைக் காட்டினார்கள். பரவாயில்லை, அவங்களுக்கு ஒரு கையெழுத்துப் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

ரிட்டயர்டு ஆர்.ஐ.:
நான் ஒரு தடவை மந்திரி நிகழ்ச்சிக்குப் பந்தோபஸ்து வேலையாக நாள் முழுக்க வெயிலில் நின்றேன், மோர் கொடுத்தார்கள், அதுதான் என் அனுபவம். மேலே எழுதிய சகோதரிக்குச் சில விஷயங்கள். முதலில், வீட்டுக்குப் போகவே கூடாது, எழுத்தில் கேட்கணும், தபால் ரசீதை வைத்துக்கொள்ளணும். 1994 ஊராட்சிச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர், நேராக அவருக்கே மனு கொடுக்கலாம், திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் நம்பர் போட்டுத் தருவார்கள். பி.டி.ஓ.வுக்கு ஒரு நகல். துணைத் தலைவர் வேண்டுமென்றே கையெழுத்துப் போடாமல் இழுத்தால் வார்டு உறுப்பினர்களைக் கூட்டித் தீர்மானம் போட்டு மினிட் புத்தகத்தில் ஏற்றுங்கள், பின்னால் அதுதான் பேசும். முக்கியமாக, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் கொண்டுவந்த திருத்தப்படி, தேர்ந்தெடுக்கப்பட்ட எஸ்.சி. ஊராட்சித் தலைவரை வேலை செய்யவிடாமல் தடுப்பதே தனிக் குற்றம். டி.எஸ்.பி. அந்தஸ்தில் உள்ளவர்தான் விசாரிக்கணும். புகாரில் தேதி, நேரம், சாட்சி மூன்றும் இருக்கட்டும். அந்த வீட்டம்மா சாட்சி சொல்வாரா என்று பாருங்கள். பேப்பர் கப்பைப் பத்திரப்படுத்தி இருக்கிறீர்களா? உடனே செய்யுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

வேப்பமரத்தடி:
நன்றிங்க ஐயா. பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டதுங்க. மோட்டார் ஓடுது.