கெண்டைக்கால் தசையில் போல்ட் அளவீடு: 1.5 டெஸ்லா போதுமா?

கேள்வி (உடலியங்கியல் ஆய்வு மாணவி):
தொடையில் காற்றுப்பட்டையை இறுக்கிச் சில நிமிடங்களுக்குப் பின் தளர்த்தும்போது, கெண்டைக்கால் தசையின் இரத்தத்தில் ஆக்சிஜன் மீளும் வேகத்தை எம்ஆர்ஐயின் போல்ட் முறையில் (இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பொறுத்து மாறும் சமிக்ஞையைக் கொண்டு) அளக்க விரும்புகிறேன். எங்களிடம் 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) கருவி உள்ளது. 3 டெஸ்லாவுக்கு வேறொரு துறையிடம் நேரம் கேட்க வேண்டும். காந்தப்புலம் இரட்டித்தால் சமிக்ஞை மாற்றமும் இரட்டிக்குமா?

முதல் பதில் (இயற்பியல் ஆசிரியர்):
ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் பாரா காந்தத் தன்மை (காந்தப்புலத்தால் மெல்ல ஈர்க்கப்படும் தன்மை) உடையது என்பதைப் பாலிங்கும் கொரியெலும் 1936-இலேயே காட்டினார்கள். அது சுற்றியுள்ள நீரின் எம்ஆர்ஐ சமிக்ஞையில் உண்டாக்கும் அதிர்வெண் விலகல் புலத்துக்கு நேர்விகிதத்தில் கூடும்; ஆயினும் விளைவு அத்துடன் நிற்பதில்லை. பெரிய சிரைகளைச் சுற்றியுள்ள திசுவில் அது ஏறத்தாழ நேர்விகிதமாகவும், நீர் மூலக்கூறுகள் விரைவாகக் கடந்து செல்லும் தந்துகிகளைச் சுற்றி ஏறத்தாழ வர்க்க விகிதமாகவும் வளரும். தசையில் தந்துகிகளே மிகுதி என்பதால் இரு மடங்கை மிஞ்சிய பயனை எதிர்பார்க்கலாம்.

இரண்டாம் பதில் (எம்ஆர்ஐ இயற்பியலாளர்):
மேலே கூறியது சரியே. ஆனால் கெண்டைக்காலில் தந்துகிகள் தசைநார்களோடு இணையாக ஓடுகின்றன, காலும் காந்தத்தின் அச்சை ஒட்டியே கிடக்கிறது. புலத்துக்கு இணையான குழாய் தனக்கு வெளியே விலகலை உண்டாக்காது. ஆகவே குழாய்க்குள் இருக்கும் இரத்தத்தின் பங்கு இங்கே முக்கியமாகிறது. புலம் கூடும்போது டி2 ஸ்டார் (சமிக்ஞை தேய்ந்து மறையும் கால அளவு) குறையும் என்பதால், 1.5 டெஸ்லாவின் எதிரொலி நேரத்தை (ரேடியோ துடிப்புக்கும் சமிக்ஞையைப் பதிவதற்கும் இடையிலான நேரம்) அப்படியே 3 டெஸ்லாவுக்குக் கொண்டுசெல்லாதீர்கள். அந்தந்தப் புலத்தின் டி2 ஸ்டாருக்கு நெருங்கிய நேரமே சிறந்த வேறுபாட்டைத் தரும். கொழுப்பின் சமிக்ஞை அதிர்வெண் நீரிலிருந்து விலகும் அளவும் சுமார் 220 ஹெர்ட்ஸிலிருந்து 440 ஆகிவிடும். கொழுப்பு நீக்கம் கட்டாயம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் 7 டெஸ்லாவை நாடுவது இன்னும் நல்லதா?

இரண்டாம் பதிலளித்தவர்:
இந்தச் சோதனைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே தசைக்குள் ரேடியோ அலையின் நீளம் ஏறத்தாழ 12 செ.மீ.; அது காலின் பருமனை நெருங்குவதால் அந்த அலை தசைக்குத் தரும் கிளர்ச்சி எல்லா இடத்திலும் சீராக இராது. 3 டெஸ்லாவில் ஒவ்வொரு முறையும் குறுகிய, நீண்ட என இரு எதிரொலிகளை எடுங்கள். பட்டையைத் தளர்த்தியதும் இரத்தப் பெருக்கும் சமிக்ஞையை மாற்றும். அம்மாற்றம் குறுகிய எதிரொலியிலும் தென்படும், ஆக்சிஜனால் வருவது நீண்டதில்தான் ஓங்கி நிற்கும். இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் இவற்றைப் பெருமளவு பிரித்தறியலாம். காலின் கோணத்தை மட்டும் எல்லா அமர்வுகளிலும் மாற்றாமல் வையுங்கள்.