துத்தநாக மின்கலத்துக்கான ஜெல் மின்பகுளி: சமச்சீர் கலத்தில் உழைப்பது முழுக் கலத்தில் ஏன் உழைப்பதில்லை?

ஆய்வு மாணவி:

வணக்கம். பாலிவினைல் ஆல்கஹாலை உறையவைத்து உருக்கும் முறையில் ஜெல்லாக்கி, அதை 2 மோலார் துத்தநாக சல்ஃபேட் கரைசலில் ஊறவைத்து மின்பகுளியாக (இரு மின்முனைகளுக்கும் இடையே அயனிகளைக் கடத்தும் ஊடகமாக) பயன்படுத்துகிறேன். ஊறிய பின் ஜெல் நன்றாக இறுகிவிடுகிறது. இந்த உறுதியே, துத்தநாகப் பரப்பில் கிளைவிட்டு வளரும் உலோக ஊசிகளான கிளைப்படிகங்களை அழுத்தித் தடுக்கும் என்று எண்ணினேன். இருபுறமும் 100 மைக்ரோமீட்டர் துத்தநாகத் தகடு வைத்த சமச்சீர் கலத்தில், ஒவ்வொரு சுற்றுக்கும் சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லி ஆம்பியர் மணி என்ற அளவில் சோதித்தபோது, கலம் ஆயிரம் மணி நேரத்தையும் கடந்து ஓடியது. ஆனால் அதே ஜெல்லை மாங்கனீசு டை ஆக்சைடு மின்முனையுடன் இணைத்து முழுக் கலமாக்கினால் கொள்ளளவு விரைவில் சரிகிறது. பிரித்துப் பார்த்தால் ஜெல் சுருங்கியும், துத்தநாகத்தை ஒட்டிய பகுதியில் குமிழ்களோடும் இருக்கிறது. ஜெல்லை இன்னும் இறுக்கமாக்க வேண்டுமா? அல்லது என் அணுகுமுறையே தவறா?

மின்வேதியியலாளர்:

இன்னும் இறுக்கமாக்க வேண்டாம். துத்தநாகத்தின் சறுக்குக் குணகம், அதாவது வடிவம் மாறாமல் எதிர்த்து நிற்கும் விறைப்பு, ஏறத்தாழ 43 ஜிகாபாஸ்கல். நீர் நிறைந்த ஜெல்களுக்கோ அது பொதுவாகக் கிலோபாஸ்கலிலிருந்து சில மெகாபாஸ்கல் வரைதான். வளரும் உலோகத்தைச் சுவர் போல நின்று தடுக்கும் வலிமை எந்த ஜெல்லுக்கும் கிடையாது. நல்ல ஜெல் வேறு இரண்டு வேலைகளைச் செய்கிறது: அயனிகள் மின்முனைப் பரப்பெங்கும் சீராக வந்து சேரச் செய்கிறது, தனித்துத் திரியும் நீர் மூலக்கூறுகளைப் பலபடிச் (பாலிமர்) சங்கிலியோடு பிணைத்து வைக்கிறது.

இரண்டாவது வேலைதான் உங்கள் குமிழ்களுக்கு விடை. துத்தநாகத்தின் திட்ட மின்னழுத்தம் −0.76 வோல்ட். அமிலக் காரக் குறியீடு (pH) 4 உள்ள கரைசலில் ஹைட்ரஜன் −0.24 வோல்ட் அளவிலேயே வெளிவரலாம். ஆகவே நீர் எலக்ட்ரானை ஏற்று ஹைட்ரஜனாக ஒடுங்குவதை வெப்ப இயக்கவியல் தடுக்கவில்லை. துத்தநாகப் பரப்பில் அவ்வினை மெதுவாக நடப்பதால் மட்டுமே இந்த மின்கலம் நமக்குச் சாத்தியமாகிறது. துத்தநாக அயனி தன்னைச் சூழ்ந்த ஆறு நீர் மூலக்கூறுகளோடு மின்முனைக்கு வரும்போது அந்த நீரும் வினைபுரிகிறது. ஹைட்ரஜன் வெளியேற, அவ்விடத்தில் காரத்தன்மை உயர்ந்து, துத்தநாக ஹைட்ராக்சைடு சல்ஃபேட் செதில்களாகப் படிகிறது. திரவத்தில் குமிழ் மேலெழுந்து விலகிவிடும். ஜெல்லில் அது பிறந்த இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். சிக்கிய இடத்தில் மின்னோட்டம் பாயாது. மீதிப் பரப்பில் மின்னோட்ட அடர்த்தி கூடும். அங்கே படிவு மேலும் சீர்குலையும். நீரைக் கட்டுப்படுத்தாத ஜெல் சில வேளைகளில் திரவத்தில் நனைத்த வெறும் கண்ணாடியிழைத் தாளை விடவும் மோசமாக நடந்துகொள்வது இதனால்தான்.

அடுத்தது உங்கள் சோதனை முறை. துத்தநாகத்தின் கன அளவுக் கொள்ளளவு கன சென்டிமீட்டருக்கு 5855 மில்லி ஆம்பியர் மணி என்பதால், 100 மைக்ரோமீட்டர் தகட்டில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 58 மில்லி ஆம்பியர் மணி இருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு சுற்றிலும் பயன்படுத்துவது அதில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. மீதமுள்ள உலோகம் எல்லா இழப்பையும் அமைதியாக ஈடுகட்டிவிடும். 10 மைக்ரோமீட்டர் தகட்டில் இதே அளவு 17 விழுக்காடாகிவிடும். ஜெல்லின் உண்மையான தரம் அங்கேதான் தெரியவரும். அதோடு செம்புத் தகட்டின் மேல் துத்தநாகத்தைப் படியவைத்துக் கரைத்துக் கூலும் திறனை, அதாவது படிந்ததில் எத்தனை விழுக்காடு திரும்பக் கரைந்து வருகிறது என்பதை, அளந்து பாருங்கள். 99 விழுக்காடு என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உபரித் துத்தநாகம் இல்லாவிட்டால் நூறு சுற்றுகளில் மிஞ்சுவது 37 விழுக்காடுதான். 99.9 விழுக்காடாக இருந்தால் ஐந்நூறு சுற்றுகளுக்குப் பிறகும் 60 விழுக்காடு நிற்கும்.

பலபடி வேதியியலாளர்:

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் சுருக்கத்துக்கான காரணம் இன்னும் பேசப்படவில்லை. சல்ஃபேட் அயனி பலபடிகளைக் கரைசலிலிருந்து வெளியே தள்ளும் இயல்புடையது. பாலிவினைல் ஆல்கஹால் அதற்கு எளிதில் ஆட்படும். சங்கிலிகள் ஒன்றோடொன்று திரண்டு நீரைப் பிழிந்து வெளியேற்றும். நீங்கள் உறுதி என்று மகிழ்ந்தது இந்தத் திரட்சியைத்தான். உறுதியான ஜெல் வேண்டுவோர் இதை வேண்டுமென்றே செய்வதும் உண்டு. ஆனால் மின்கலத்தில் பிழியப்பட்ட நீர் ஜெல்லுக்கும் உலோகத்துக்கும் இடையில் கட்டற்ற நீர்ப்படலமாகத் தங்கிவிடுகிறது. நீரைப் பிணைப்பதற்காகக் கொண்டுவந்த ஜெல்லே அதை மிக ஆபத்தான இடத்தில் கொட்டிவிடுகிறது.

சல்ஃபேட்டை விட்டு டிரைஃப்ளேட் உப்புக்கு மாறினால் சுருக்கம் குறையும்; ஆனால் அதன் விலை, மலிவும் பாதுகாப்பும் கருதித் துத்தநாகத்தைத் தேர்ந்த நோக்கத்தையே குலைக்கிறது. பலபடியை மாற்றுவதே மேல் என்பது என் கருத்து. பாலிஅக்ரிலமைடு சல்ஃபேட்டை நன்கு தாங்கும். அதில் சல்ஃபோபீட்டைன் போன்ற இருமின்சுமைக் குழுக்களை இணைத்தால், எதிர்மின்சுமைப் பக்கம் துத்தநாக அயனி நகர வழி அமைக்கும். நேர்மின்சுமைப் பக்கம் சல்ஃபேட்டை ஓரளவு பிடித்துவைக்கும். அல்ஜினேட் வேறு வகை. துத்தநாக அயனியே அதன் கார்பாக்சிலேட் குழுக்களைக் குறுக்காகப் பிணைத்து வலையாக்கிவிடும்.

ஓர் எச்சரிக்கை. அக்ரிலமைடைத் துத்தநாகத்தின் மேலேயே பலபடியாக்கினால் ஒட்டுதல் நன்றாக அமையும். ஆனால் தொடங்கியாகச் சேர்க்கும் பெர்சல்ஃபேட் ஆக்சிஜனேற்றி என்பதால் எஞ்சியிருப்பது உலோகத்தை அரிக்கும். தனியே தயாரித்துக் கழுவி ஊறவைப்பதே பாதுகாப்பு. வினைபுரியாத அக்ரிலமைடு நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நச்சுப்பொருள். கையுறை இல்லாமல் அந்தக் கழுவுநீரைத் தொடாதீர்கள்.

ஆய்வு மாணவி:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரே ஐயம். ஆயிரம் மணி நேரச் சோதனையின் நடுவில் மிகைமின்னழுத்தம் (வினையை நடத்தக் கூடுதலாகத் தேவைப்படும் மின்னழுத்தம்) ஒருமுறை சட்டென்று இறங்கி, அதன்பின் மின்னழுத்த வளைவு செவ்வகம் போல ஆனது. ஜெல் பதப்பட்டுவிட்டது என்று எண்ணினேன்.

மின்வேதியியலாளர்:

அது பதப்பட்டதன் அறிகுறியன்று; மெல்லிய குறுக்குச் சுற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மின்னோட்டத்தின் ஒரு பகுதி அயனி வழியாகச் செல்லாமல் உலோக இழை வழியாகவே கடந்திருக்கும். அந்த இறக்கத்துக்கு முன்னும் பின்னும் மாறுதிசை மின்மறுப்பை அளந்து ஒப்பிடுங்கள். அந்த வரைபடத்தில் மின்சுமைப் பரிமாற்றத்துக்குரிய அரைவட்டம் மறைந்திருந்தால் ஐயமே இல்லை. அதற்குப் பிந்தைய மணி நேரங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முழுக் கலத்தை மீண்டும் அமைக்கும்போது, மாங்கனீசு மின்முனையின் நுண்துளைகளுக்குள் ஜெல் தானாகப் புகாது என்பதால், மாங்கனீசு சல்ஃபேட் சிறிதளவு கலந்த அதே கரைசலால் அதை முதலில் நனைத்துவிட்டுப் பிறகு ஜெல்லை வையுங்கள்.