சென்னையில் எலும்பு அறுவை மேற்படிப்பு: அரசுக் கல்லூரியா, தனியார் மருத்துவமனையா?

கோட்டையூர் மருத்துவர்:
மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வு எழுதியிருக்கிறேன். என் ரேங்குக்கு ஆர்த்தோ (எலும்பு அறுவை) கிடைக்கும். சென்னையில் ஸ்டான்லி அல்லது கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.எஸ். வரலாம், பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றில் அதற்கு இணையான டி.என்.பி.யும் வரலாம். இரண்டும் 3 ஆண்டுப் படிப்புதான். முடித்ததும் காரைக்குடிப் பக்கம் திரும்பி வந்து தொழில் செய்ய வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். கலந்தாய்வில் எதை மேலே வைப்பது? நான் பெண் என்பதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

தேவகோட்டை எலும்பு மருத்துவர்:
யோசிக்கவே வேண்டாம் அம்மா, அரசுக் கல்லூரிதான். நான் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவன். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கு வராத முறிவே கிடையாது. முதலாம் ஆண்டில் மாவுக்கட்டும், முறிந்த எலும்பை இழுத்து நிறுத்தும் டிராக்‌ஷனும். இரண்டாம் ஆண்டில் தொடை எலும்புக்குள் நெயில் என்னும் உலோகக் கம்பி போடும்போது கத்தி நம் கையில், பேராசிரியர் எதிரே நிற்பார். எலும்புப் புற்றுக்குக் காலையே எடுக்காமல் உலோக எலும்பு பொருத்தும் சிகிச்சையில் பேர்பெற்று, 2007இல் பத்மஸ்ரீ வாங்கிய டாக்டர் மயில்வாகனன் நடராஜன் பணியாற்றிய துறை அது. ஸ்டான்லியும் குறைந்ததில்லை. கை அறுவைக்கென்றே டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த பிரிவு அங்கே இருக்கிறது.

பள்ளத்தூர் மருத்துவர்:
அண்ணன் சொல்வதில் ஒரு திருத்தம். ஸ்டான்லியின் கை அறுவைப் பிரிவு பிளாஸ்டிக் சர்ஜரியோடு சேர்ந்தது. ஆர்த்தோ மாணவருக்கு அங்கே எவ்வளவு வேலை கிடைக்கும் என்று விசாரிக்காமல் அதற்காகவே ஸ்டான்லியை எடுக்க வேண்டாம்.

பேராசிரியர் எதிரே நிற்பது பகலில். இரவு இரண்டு மணிக்கு யார் நிற்கிறார்? பல இடங்களில் இரண்டாம் ஆண்டு மாணவருக்கு மூன்றாம் ஆண்டு மாணவர்தான் ஆசான். தவறான முறையை ஐம்பது தடவை செய்தால் அதுவே கைப்பழக்கமாகிவிடும். நான் தனியாரில் டி.என்.பி. முடித்தவன். முந்தின நாள் வந்த ஒவ்வொரு எக்ஸ்ரேயையும் காலைக் கூட்டத்தில் வைத்து, ஏன் இந்த பிளேட், ஏன் இந்த இடத்தில் ஸ்க்ரூ என்று கேட்பார்கள். பதில் இல்லாமல் தியேட்டருக்குள் நுழைய முடியாது. மூட்டு மாற்று, மூட்டுக்குள் கேமரா விட்டுச் செய்யும் ஆர்த்ரோஸ்கோபி, முதுகெலும்பு எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

தேவகோட்டை எலும்பு மருத்துவர்:
பார்த்தீர்கள் தம்பி. செய்தீர்களா? தனியாரில் பணம் கட்டும் நோயாளி, பெரிய டாக்டர் கையால்தான் அறுவை நடக்க வேண்டும் என்பார். அது அவர் உரிமை. அப்போது மாணவருக்கு மிஞ்சுவது அறுத்த இடத்தை விலக்கி வைக்கும் ரிட்ராக்டரைப் பிடிக்கும் வேலை.

இந்தப் பெண் திரும்பி வரப்போவது நம் ஊருக்கு. தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டில் மாடு முட்டி, எலும்பு வெளியே தெரிய ஒருவரைத் தூக்கி வருவார்கள். காயத்தைக் கழுவி, எலும்பை வெளியிலிருந்து கம்பிகளால் நிறுத்தும் எக்ஸ்டர்னல் ஃபிக்ஸேட்டர் போட்டு, காலில் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்த்து, இங்கேயே வைத்துக்கொள்வதா மதுரைக்கு அனுப்புவதா என்று அந்த நிமிடமே முடிவெடுக்க வேண்டும். நாட்டுக் கட்டு கட்டிக்கொண்டு, எலும்பு கோணலாகச் சேர்ந்த பிறகு வருகிறவர்களும் இங்கே நிறைய. இவர்களைப் பார்த்துப் பழக அரசு மருத்துவமனையை விட்டால் வேறு இடம் ஏது?

பள்ளத்தூர் மருத்துவர்:
மஞ்சுவிரட்டு வருடத்தில் சில நாள். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிகள் வருடம் முழுவதும் விழுகிறார்கள். ஈரமான ஆத்தங்குடித் தரைக் கல்லில் ஒரு வழுக்கு, இடுப்பு முறிவு. அடுத்த ஒன்றிரண்டு நாளுக்குள் அறுவை செய்து எழுப்பி நடக்க வைக்க வேண்டும். படுத்தே கிடந்தால் நிமோனியா, படுக்கைப் புண், காலில் ரத்தக்கட்டி என்று ஒவ்வொன்றாக வரும். முறிவில் பிழைத்தவர் படுக்கையில் போய்விடுவார். சர்க்கரையும் இதய நோயும் உள்ள எண்பது வயதுக்காரரை மயக்க மருத்துவர், பொது மருத்துவர் எல்லோரும் சேர்ந்து உடனே தியேட்டருக்குத் தயார் செய்யும் பழக்கத்தை நான் தனியாரில்தான் கற்றேன். அரசில் தியேட்டர் முறை, காப்பீட்டு அனுமதி என்று நாள் நகர்வதை அண்ணன் மறுக்க மாட்டார்.

தேவகோட்டை எலும்பு மருத்துவர்:
மறுக்கவில்லை. அந்தத் தாமதம் எனக்கும் ஆத்திரம் மூட்டிய விஷயம்தான். ஆனால் அந்த ஆச்சிக்கு அரை மூட்டு பொருத்தும் கை பழகியிருக்க வேண்டுமே!

புதுவயல் தகப்பனார்:
என் மகனுக்குத் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் விசாரித்தோம். ஆண்டுக்குப் பல லட்சம். அரசில் கட்டணம் குறைவு, உதவித்தொகையும் உண்டு. படித்தபின் அரசுப் பணி செய்வதாகப் பத்திரம் எழுதித் தர வேண்டும். ஊருக்குத் திரும்ப நினைப்பவருக்கு அது சுமையே இல்லை.

கானாடுகாத்தான் மூன்றாம் ஆண்டு மாணவி:
நான் சென்னையில் அரசுக் கல்லூரி ஒன்றில் ஆர்த்தோ படிக்கிறேன். பெண்ணுக்கு வலு போதாது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். தொடையை இழுத்து நிறுத்த டிராக்‌ஷன் டேபிள் இருக்கிறது. மீதி வேலை நுட்பம். உண்மையான தொல்லை வேறு. என் அளவுக்கு ஈய அங்கி வாங்கவே மாதக்கணக்கில் கேட்க வேண்டியிருந்தது. அறுவையின்போதே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் கருவியின் கதிர்வீச்சில் தினமும் நிற்பவருக்கு தைராய்டு காப்பும் பொருந்துகிற அங்கியும் கட்டாயம் வேண்டும். பெண்களுக்கு டியூட்டி அறை இருக்கிறதா என்றும் கேளுங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 மேற்படிப்பு விதிமுறைப்படி வார விடுமுறையும், ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பும், மகப்பேறு விடுப்பும் உண்டு. நடைமுறையில் தருகிறார்களா என்பதை யூனிட்டில் (துறைக்குள் இருக்கும் மருத்துவர் குழுவில்) இருப்பவர்கள்தான் சொல்வார்கள்.

கல்லூரிப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே கல்லூரியில் இரண்டு யூனிட்டுகள் இரண்டு விதமாக நடக்கின்றன. இறுதியாண்டு மாணவரிடம், பங்கேற்ற அறுவைகளைக் குறித்து வைக்கும் லாக் புக்கைக் காட்டச் சொல்லுங்கள். தானே செய்தது எத்தனை, துணை நின்றது எத்தனை, அப்போது மேலே யார் இருந்தார்? அண்ணன்மார் இருவரின் கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்கும்.

கோட்டையூர் மருத்துவர்:
நன்றி. இப்போதைக்கு ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், அதன்பின் டி.என்.பி. என்று வரிசை வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் பல்லவன் ரயிலில் சென்னை போய் மூன்று இடத்திலும் லாக் புக் கேட்கிறேன்.

பள்ளத்தூர் மருத்துவர்:
டி.என்.பி.யைக் கடைசியில் வைத்ததை நான் ஏற்கவில்லை. போகும்போது காலைக் கூட்டம் நடக்கும் நேரத்துக்கே போய், அனுமதி கேட்டுப் பின்வரிசையில் உட்காருங்கள். மூன்று இடத்திலும் அதைப் பார்க்காமல் வரிசையை உறுதி செய்ய வேண்டாம்.