29 வாரம், பிபி 146/94, ஆனா எனக்கு ஒண்ணும் பண்ணல… டெஸ்ட் உடனே எடுக்கணுமா?

மல்லிப்பூ:
தலைப்பிரசவம் எனக்கு, 29வது வாரம். நேத்து செக்கப்ல பிபி 146/94, கொஞ்ச நேரம் உக்கார வெச்சு மறுபடி பாத்தா 142/92. யூரின், ரத்தம் எல்லாம் டெஸ்ட் எழுதி நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க. தலைசுத்தல்கூட இல்லங்க, கால் மட்டும் வீங்கியிருக்கு. அத்தை, நீர் கோத்திருக்கு, பார்லி தண்ணி குடிச்சா வடிஞ்சிரும், அடுத்த வாரம் வளைகாப்பு முடிச்சிட்டு பாத்துக்கலாம்ங்கறாங்க. யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா?

கயல்அம்மா:
வளைகாப்ப தள்ளுங்க, டெஸ்ட்ட தள்ளாதீங்க சிஸ். எனக்கு 33 வாரத்துல இதேதான், நல்லா நடமாடிட்டு இருந்தேன், யூரின்ல புரோட்டீன் போகுதுன்னாங்க, பிபி குறைக்கிற லேபெட்டலால் மாத்திரை குடுத்து வீட்ல பிபி மிஷின் வெச்சு காலையும் சாயங்காலமும் நோட்ல எழுதச் சொன்னாங்க, 37 வாரத்துல பிரசவம் பண்ணிட்டாங்க. நான் பாட்டுக்கு உப்பில்லாம சாப்டுட்டு இருந்தேன், அதனால இது சரியாகாதும்மான்னு டாக்டர் சொல்லித்தான் விட்டேன். பாப்பா 2.3 கிலோ, இப்ப யூகேஜி.

வார்டுநர்ஸ்:
லேபர் வார்டுல இருக்கேன்மா. 20 வாரத்துக்கப்புறம் 140/90 வந்தாலே நாங்க விட மாட்டோம், ஏன்னா இது ஏறுறது உடம்புக்குத் தெரியாது. நூறு கர்ப்பிணிங்கள்ல 2லேர்ந்து 8 பேருக்கு ப்ரீஎக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்துல பிபி ஏறி கிட்னி, ஈரல்னு உறுப்புகளையும் பாதிக்கிற நோய், வருது, அபூர்வம் இல்ல. கால் வீக்கம் பலருக்கும் வரும், ஆனா திடீர்னு முகம் உப்பி மோதிரம் கழட்ட முடியலன்னாலோ, விடாத தலைவலி, கண்ணு மங்குறது, வலது விலாவுக்குக் கீழ வலின்னு எது வந்தாலும், இல்ல 160/110 காட்டினாலும், நடுராத்திரியா இருந்தாலும் 108க்கு போன் பண்ணுங்க. ஊர்ல ஜன்னின்னு சொல்ற வலிப்பு இதுலதான் வரும், அது வராம தடுக்க மக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கு, ஆனா நீங்க நேரத்துக்கு வந்து சேரணும்.

தென்காசிக்காரி:
குழந்தை பொறந்துட்டா முடிஞ்சிடும்னும் நினைக்காதீங்க. எங்க அக்காவுக்கு பிரசவமாகி ஆறாம் நாள் தலைவலி, தூக்கம் இல்லாததாலன்னு தைலம் தேச்சு விட்டோம், அன்னைக்கு ராத்திரியே வலிப்பு, நாலு நாள் ஐசியூ. இப்ப நல்லாருக்கா. ஆனா அந்த தைலத்த பாத்தாலே எனக்கு மனசு என்னமோ பண்ணும். பிரசவத்துக்கப்புறமும் ஆறு வாரத்துக்கு பிபி பாத்துட்டே இருங்க.

மல்லிப்பூ:
இதெல்லாம் அத்தைக்கு படிச்சு காட்டினேன், அவங்களே கூட வந்தாங்க. யூரின்ல புரோட்டீன் ஒரு பிளஸ், அதாவது கொஞ்சம் போகுதாம், மாத்திரை ஆரம்பிச்சாச்சு, திங்கக்கிழமை ஸ்கேன். வளைகாப்பு ஒன்பதாம் மாசம் வெச்சுக்கறோம்.