சிங்க் நாற்றம்: உங்கள் வீட்டில் எங்கிருந்து வந்தது?

சுவா சூ காங் அம்மா:

டிசம்பர் விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து பிள்ளைகளோடு கும்பகோணம் போய் ஆறு வாரம் இருந்துவிட்டு வந்தோம். வாசல் கதவைத் திறந்ததும் குப்பென்று அடித்தது. "பல்லி செத்துக் கிடக்கு" என்று வீட்டுக்காரர் அங்கேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். ஃபிரிட்ஜை இழுத்துப் பார்த்தார், அடுப்புக்கடியில் டார்ச் அடித்தார், அரிசி டின்னைக்கூட விடவில்லை. பல்லி இல்லை.

மோப்பம் பிடித்துக்கொண்டே போனதில் சமையலறை சிங்க் பக்கம் போய் நின்றேன். அன்றிரவே ஆப்பசோடாவைக் கொட்டி மேலே வினிகரை ஊற்றினேன். நுரை பொங்கியதைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. காலையில் அதே வாடை. இன்னும் கொஞ்சம் வினிகர், அதன்மேல் பிளீச். கண் எரிந்தது, இருமல் வந்தது, வாடை மட்டும் அசையவில்லை.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி என் மகளுக்குக் குவே பலகாரம் கொடுக்க வந்தார். மூக்கைச் சுளித்துவிட்டு நேராகத் துணி மெஷின் பக்கம் போய்த் தரைத்துளையைக் காட்டி, இதில் தண்ணீர் ஊற்றினாயா என்று கேட்டார். நாங்கள் அதில் தண்ணீர் ஊற்றியதே கிடையாது. மெஷின் குழாய் வேறு துளைக்குப் போகிறது. அரை வாளி ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் சாக்கடை வாடை போய்விட்டது! மூன்று நாள், ஒரு போத்தல் வினிகர், வீட்டுக்காரரின் பல்லி ஆராய்ச்சி எல்லாம் வீண்.

அப்புறம்தான் விஷயத்தைத் தேடிப் படித்தேன். கழிவுத் துளைக்கு அடியில் ஒரு வளைவு இருக்கும். அதில் சுமார் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் கதவு. பொதுக் குழாயின் காற்று வீட்டுக்குள் ஏறாமல் அதுதான் மறிக்கிறது. புழங்காமல் விட்டால் வற்றிப்போகும். 2003இல் சார்ஸ் வந்தபோது ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300 பேருக்கும் மேல் நோய் கண்டது. அங்கே வற்றிப்போயிருந்த தரைத்துளைகளும் கிருமி பரவ வழிவிட்டன என்று அப்போது விசாரித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு எனக்கு அது வெறும் நாற்றமாகத் தெரியவில்லை.

கதை இதோடு முடியவில்லை. சாக்கடை வாடை போனதும், அதற்கு அடியில் இன்னொன்று ஒளிந்திருந்தது தெரிந்தது. புளித்த வாடை, நாலு நாள் வெளியே விட்ட தோசை மாவு மாதிரி. சிங்க்கில் தண்ணீர் விடும்போது மட்டும் வரும். அடியில் அலமாரியைத் திறந்தால் வெள்ளையாக ஒரு குப்பி தொங்கும் இல்லையா, பாட்டில் டிராப். சிங்க்குக்குத் தண்ணீர்க் கதவு அதுதான். கீழே வாளியை வைத்துவிட்டு அதன் அடிப்பாகத்தைக் கையாலேயே திருகிக் கழற்றினேன். உள்ளே சாம்பல் நிறத்தில் களிம்பு. அரிசி, கடுகு, கறிவேப்பிலைக் காம்பு, அப்புறம் போன வருஷம் காணாமல் போன குட்டி ஸ்பூன்!

நம் வீட்டு சிங்க்கில் போவது என்ன? அரிசி களைந்த தண்ணீர், மாவுப் பாத்திரம் கழுவிய தண்ணீர், சோற்றுக் கஞ்சி. எல்லாம் மாவுச்சத்து. அது அடியில் படிந்து, மேலே நெய்யும் எண்ணெயும் பூசிக்கொண்டால் காற்றுப் புகாது. காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள்தான் இந்தப் புளித்த வாடையையும், அழுகிய முட்டை வாடையையும் கிளப்புகின்றன. பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். சிங்க் துளையின் வாயை உள்பக்கமாக விரல்விட்டுத் தடவினால் அங்கேயும் வழவழவென்று ஒரு படலம், அதையும் சுரண்டினேன். திரும்ப மாட்டும்போது வாஷர் சரியாக உட்கார்ந்ததா என்று டிஷ்யூ சுற்றிப் பார்த்துக்கொண்டேன். பதினைந்து நிமிட வேலை. குமட்டும், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் எங்கிருந்து வந்தது, சொல்லுங்கள்.

பொங்கோல் தம்பி:

அக்கா, எங்களுடையது சாவி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத வீடு. அலமாரியைத் திறந்தாலே சாக்கடை. பாட்டில் டிராப் பளபளவென்று சுத்தம். கடைசியில் பார்த்தால், சிங்க்கிலிருந்து வரும் நெளிகுழாயைத் தரைக்குழாய்க்குள் சும்மா செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள், சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி. தண்ணீர்க் கதவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைத் தாண்டிய இடத்தில் ஓட்டை இருந்தால் என்ன பயன்? குழாய்ச் சாமான் விற்கும் வன்பொருள் கடையில் இரண்டு மூன்று வெள்ளிக்கு ஒரு ரப்பர் வளையம் வாங்கி மாட்டினேன். ரெனோவேஷன் போட்ட ஆளுக்குப் படம் எடுத்து அனுப்பினால், கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார்.

இன்னொன்று: அந்த நெளிகுழாயின் ஒவ்வொரு மடிப்பிலும் அழுக்கு உட்காரும். உள்ளே வழவழப்பாக இருக்கும் நேர்க்குழாய் கிடைத்தால் அதையே போடுங்கள்.

அங் மோ கியோ இரண்டாம் மாடி:

எங்கள் வாடைக்கு ஒரு சத்தம் உண்டு. மேல்வீடுகளில் தண்ணீர் விட்டால் எங்கள் சிங்க் "களக் களக்" என்னும். பொதுக் குழாயில் தண்ணீர் மொத்தமாக இறங்கும்போது எங்கள் வளைவில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிவிடும், உடனே நாறும். ஒருநாள் நாங்கள் சோப்பே தொடவில்லை, தரைத்துளை வழியாக நுரை ஏறி வந்தது. அது நம் வீட்டுக் குழாய் விவகாரமே இல்லை, கீழே பொதுக் குழாய் சோக் ஆகி அடைத்திருக்கிறது. நகர மன்றத்துக்குப் போன் செய்தோம், ஆள் வந்து பொதுக் குழாயைக் குத்தி எடுத்தார்கள். கீழ்த்தள வீட்டுக்காரர்கள் அந்தக் களக் சத்தத்தை அலட்சியம் செய்யாதீர்கள்.

தேக்கா பக்கத்து அக்கா:

சிங்க்கின் உள்சுவரில், மேலே, நிரம்பி வழியாமலிருக்க ஒரு சின்னத் துளை இருக்குமே. அதற்குள் யாராவது பிரஷ் விட்டிருக்கிறீர்களா? நான் பதினோரு வருஷம் விடவில்லை. விட்டேன். இனி பேச்சில்லை.

ஓய்வுபெற்ற பிளம்பர்:

சுவா சூ காங் தங்கச்சி, நல்ல வேளை பிழைத்தீர்கள். வினிகர் இருக்கும் துளையில் பிளீச் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். கண் எரிந்தது அதனால்தான். இரண்டையும் சேர்க்கவே கூடாது. ஆப்பசோடாவும் வினிகரும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும், மிஞ்சுவது உப்புக் கலந்த தண்ணீர். கொழுப்பை அது தொடாது. நுரை காட்டும் வித்தை.

கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறவர்களுக்கும் சொல்கிறேன். பிவிசி குழாய் 60 டிகிரிக்கு மேல் அடிக்கடி தாங்காது, நெகிழும், இணைப்பில் கசியும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். அடைப்பு நீக்கக் காஸ்டிக் சோடா போட்டு அது வேலை செய்யாமல் உள்ளேயே தேங்கி நின்றால், கழற்ற வருகிற ஆளிடம் தயவுசெய்து முதலிலேயே சொல்லுங்கள். என் புருவத்தில் இருக்கும் தழும்பு அப்படி வந்தது.

தீபாவளி முடிந்த வாரம்தான் எனக்கு அழைப்பு அதிகம் வரும். முறுக்குச் சுட்ட எண்ணெயைச் சட்டியோடு சிங்க்கில் கவிழ்ப்பார்கள். கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை நிலத்தடியில் 48 கிலோமீட்டர் கழிவுநீர்ச் சுரங்கம் ஓடுகிறதே, எல்லாம் அதில் போய்விடும் என்று நினைப்பு. எண்ணெய் அவ்வளவு தூரம் நடக்காது அம்மா. உங்கள் வீட்டு வளைவிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். பழைய செய்தித்தாளில் ஊறவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

சுவா சூ காங் அம்மா:

அண்ணே, வாங்கிக் கட்டிக்கொண்டேன், சரி. பிளீச் போத்தல் இனிக் குளியலறையை விட்டு நகராது. மாவுப் பாத்திரத்தின் முதல் தண்ணீர் இப்போது தாழ்வாரத்துக் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போகிறது. தரைத்துளைக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு குவளை தண்ணீர், அது மகள் பொறுப்பு.

ஒரு சந்தேகம். ஜூனில் மறுபடி ஊருக்குப் போகிறோம். துளையில் தண்ணீர் நிரப்பி, மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் வற்றாது என்கிறார் பாட்டி. செய்யலாமா?

ஓய்வுபெற்ற பிளம்பர்:

வற்றுவது குறையும், ஆனால் சமையல் எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். பேபி ஆயில் இரண்டு ஸ்பூன் விடுங்கள், அது கெடாது. இல்லையென்றால் சாவியைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், வாரம் ஒருமுறை அவரே ஊற்றிவிடுவார்.

சுவா சூ காங் அம்மா:

சாவி ஏற்கெனவே அவரிடம்தான் இருக்கிறது. பல்லியையும் பார்த்துக்கொள்ளச் சொல்லச் சொல்கிறார் வீட்டுக்காரர்.