வீட்டிலேயே கணினி பூட்டியோர் அனுபவங்கள்: பாகங்களைத் தெரிவுசெய்தபோது பட்டவை

கல்லடியிலிருந்து

மகள் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுத்தபோது, வீட்டிலிருந்த பழைய மடிக்கணினி இனித் தாங்காது என்பது தெளிவாகிவிட்டது. பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டுவதென்று 2023இல் தீர்மானித்தேன். ஒன்றரை இலட்சம் ரூபாவைத் தாண்டக்கூடாது என்பது மனைவி விதித்த எல்லை. கணிதம் படிப்பிக்கிறவர் கணக்கில் பிழைவிடமாட்டார் என்று அவர் நம்பியிருந்தார்.

கணக்கில் பிழைவிடவில்லை, ஓர் எழுத்தில் பிழைவிட்டேன். கணினியின் மூளையான புரொசெசரில் இன்டெல் கோர் ஐ5 12400ஐ வாங்கச் சென்றவன், அதே ஆறு கோர்கள், அதே பன்னிரண்டு திரெட்டுகள், விலை மட்டும் சில ஆயிரம் குறைவு என்று கண்டு, பெயரின் முடிவில் எஃப் என்ற எழுத்தைத் தாங்கிய 12400எஃப்பை மகிழ்ச்சியோடு வாங்கி வந்தேன். இரவு பத்து மணிக்கு எல்லாம் பூட்டி முடிந்து மின்சாரம் கொடுத்தபோது விசிறிகள் சுழன்றன, விளக்குகள் எரிந்தன, திரையில் மட்டும் சிக்னல் இல்லை என்ற வாசகம் மிதந்துகொண்டிருந்தது. ரேமை, அதாவது தற்காலிக நினைவகத்தை, கழற்றி மாட்டினோம், கேபிளை மாற்றினோம். எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டின் ஓரத்தில் 'விஜிஏ' (படம் காட்டும் பகுதி) என்று அச்சிட்டிருந்த இடத்தில் ஒரு சின்ன வெள்ளை விளக்கு அணையாமல் எரிவதை மகள்தான் கண்டாள்.

மதர்போர்டின் பின்புறத்தில் திரையின் கேபிளைச் செருகும் எச்டிஎம்ஐ துளை இருப்பதால் படம் அங்கிருந்து வரும் என்று நினைத்திருந்தேன். அந்தத் துளை வெறும் வாசல்தான். படத்தை உருவாக்கும் பகுதி புரொசெசருக்குள் இருக்கிறது, எஃப் வகையில் அது முடக்கப்பட்டிருக்கிறது. மறுநாள் என் பழைய மாணவன் ஒருவன் தன்னிடம் கிடந்த ஜீடி 710 என்ற கிராஃபிக்ஸ் கார்டை, அதாவது படத்தைத் தனியாக உருவாக்கும் பலகையை, கொண்டுவந்து செருகியவுடன் படம் வந்தது.

கடைக்காரர் மாற்றித்தர இணங்கினார், ஆனால் முதலில் மதர்போர்டில் புரொசெசர் உட்காரும் இடமான சொக்கெட்டைப் பார்க்கவேண்டும் என்றார். இந்த வகை மதர்போர்டில் ஊசிகள் புரொசெசரில் இல்லை, சொக்கெட்டில்தான் உள்ளன. மொத்தம் 1700, தலைமயிரைப் போல. புரொசெசரைச் சரித்து வைத்தாலோ, கைதவறிப் போட்டாலோ ஒன்றிரண்டு வளைந்துவிடும். வளைந்த ஊசிக்கு வாரன்டி கிடையாது. புரொசெசரை மாட்டும்போது கழன்று விழும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைக் குப்பையில் போடாமல் மகள் தன் கொம்பாஸ் பெட்டிக்குள் வைத்திருந்ததால் ஊசிகளுக்கு ஒன்றும் ஆகாமல் போர்டைக் கடைவரை கொண்டுபோக முடிந்தது. வித்தியாசத்தைக் கட்டி, எஃப் இல்லாத 12400ஐப் பெற்றுக்கொண்டேன்.

இதைவிடப் பெரிய பிழையைச் செய்யவிருந்தேன். கேசிங்கோடு, அதாவது கணினிப் பெட்டியோடு, பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் 500 வாட் பவர் சப்ளை ஒன்றை இலவசமாகத் தந்திருந்தார்கள். மின்வேலை செய்யும் என் மைத்துனர் அதை ஒரு கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மச்சான், இதுக்குள்ள காத்துத்தான் இருக்கு," என்றார். பக்கத்தில் ஒட்டியிருந்த லேபளை இருவரும் வாசித்தோம். 12 வோல்ட் வரிசையில் 18 அம்பியர் என்றிருந்தது. பெருக்கினால் 216 வாட். புரொசெசரும் கிராஃபிக்ஸ் கார்டும் உண்பது அந்த 12 வோல்ட்டைத்தான் என்பதால், மேலே கொட்டை எழுத்தில் இருக்கும் 500 என்ற எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. 12400 முழு வேகத்தில் ஓடும்போது 117 வாட் வரை எடுக்கும், எனவே கணக்குப்படி அதுவே போதும் என்று நான் வாதாடினேன். கல்லடியில் மாலையானால் வோல்டேஜ் எப்படித் துள்ளும் என்று கணக்கில் போட்டீர்களா என்று அவர் கேட்டார். மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான 80 பிளஸ் பிரோன்ஸ் தரச்சான்றுள்ள 450 வாட் பவர் சப்ளை ஒன்றைத் தனியாக வாங்கினேன். இன்றைக்கு யாராவது என்னிடம் பட்டியல் கேட்டால் இங்கிருந்துதான் தொடங்குவேன், புரொசெசரிலிருந்து அல்ல.

கடற்கரையிலிருந்து எங்கள் வீடு நானூறு மீற்றர். உப்புக்காற்றுக்கு என்ன செய்வதென்று பலர் கேட்கிறார்கள். முன்பக்கத்தில் கழற்றிக் கழுவக்கூடிய தூசுவலை உள்ள கேசிங்கைத் தெரிந்தெடுங்கள், கண்ணாடி அழகுக்காக எடுக்காதீர்கள். ஓர் ஆண்டு கழித்து ஒரு காலையில் கணினி இயங்க மறுத்தபோது, ரேமின் பொன்னிறப் பற்களில் மங்கல் படிந்திருந்தது; அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மாட்டியதும் ஓடியது.

சாய்ந்தமருதிலிருந்து

கல்லடி சேர் எழுதியதை வாசித்தபின், புதிதாகப் பூட்ட வசதியில்லாதவர்களுக்காக என் அனுபவத்தையும் எழுதுகிறேன். அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளில் ஒன்றை, நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜீபி ரேம், மலிவாக வாங்கினேன். திறந்தால் ஹார்ட் டிஸ்க் இரைந்துகொண்டே இருந்தது, விண்டோஸ் எழும்புவதற்குள் தேநீர் ஆறிவிடும். அதை எடுத்துவிட்டு சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டேன். செலவழித்த பணத்துக்கு இவ்வளவு பலன் தந்த பாகம் வேறில்லை.

மகன் விளையாட்டுக்காகக் கிராஃபிக்ஸ் கார்டு கேட்டபோதுதான் அதன் எல்லை தெரிந்தது. கேசிங் ஒடுக்கம், சாதாரண உயரமுள்ள கார்டு உள்ளே போகாது. பவர் சப்ளையோ அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம், அதன் பிளக்கும் அந்த மதர்போர்டுக்கு மட்டுமே பொருந்தும், ஆகவே கடையில் விற்கும் பவர் சப்ளையை வாங்கி மாட்டவும் முடியாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது, சில விதிவிலக்குகளைத் தவிர, இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஆகவே பழையதை வாங்குவோர் கடைக்காரர் சொல்லும் ஐ5, ஐ7 என்ற சொல்லை விட்டுவிட்டு, அதன் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். 4570 என்றால் நான்காம் தலைமுறை, 8500 என்றால் எட்டாம் தலைமுறை. என்னுடையதில் இப்போது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஓடுகிறது, பிள்ளைகள் பாடம் படிக்கப் போதும்.

வாழைச்சேனையிலிருந்து

நான் இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டி பக்கம். எழுத்துக் குழப்பம் அங்கேயும் உண்டு, பழைய ஏஎம்4 சொக்கெட்டில் அது தலைகீழாக, புதிய ஏஎம்5இல் இன்டெலைப் போல. ஏஎம்4 சொக்கெட்டில் ரைசன் 5 5600க்குள் படம் காட்டும் பகுதி கிடையாது, 5600ஜியில் உண்டு. ஏஎம்5இல் 7600 போன்றவற்றில் சிறியதொரு கிராஃபிக்ஸ் இருக்கிறது, 7500எஃப்பில் இல்லை. அத்தோடு ஏஎம்5 டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். வீட்டிலுள்ள டிடிஆர்4ஐப் போட்டுச் சமாளிக்கலாம் என்று எண்ணவேண்டாம். இரண்டிலும் 288 பற்கள்தான், ஆனால் நடுவெட்டு வேறிடத்தில் இருப்பதால் உள்ளே இறங்காது.

பவர் சப்ளையைப் பற்றி ஒன்று சேர்க்கவேண்டும். என் முதல் கணினியின் மலிவான பவர் சப்ளையின் பின்னால் சிவப்புச் சுவிச் ஒன்று இருந்தது, ஒருபக்கம் 115, மறுபக்கம் 230. பெட்டியைத் துடைக்கும்போது அது 115க்குப் போனதை நான் கவனிக்கவில்லை. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம், பிறகு கருகல் மணம். தரமானவற்றில் இந்தச் சுவிச்சே இருப்பதில்லை, அவை தாமாகவே இரண்டையும் ஏற்கும்.

மின்சாரம் போனாலும் பற்றரியால் சற்று நேரம் கணினியை ஓட்டும் யூபிஎஸ்ஸை ஆடம்பரம் என்று 2022 மார்ச் இறுதிவரை நினைத்திருந்தேன். நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்த நாட்களில், 650 விஏ யூபிஎஸ் தரும் பத்து நிமிடம் வேலையைச் சேமித்து மூடுவதற்குத்தான் என்பதைப் படித்துக்கொண்டேன். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருட்டாக்கியபோது அந்தப் பத்து நிமிடம் என்னைக் காப்பாற்றியது. ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும்போது யூபிஎஸ்ஸையும் நம்பாமல் பிளக்கைக் கழற்றிவிடுகிறேன், ரவுட்டரின் வயரையும் சேர்த்து.

கல்லடி சேரிடம் ஒரு கேள்வி: உங்கள் கணினிக்கு 16 ஜீபி ரேமை ஒரே துண்டாக வாங்கினீர்களா, இரண்டாகவா?

கல்லடியிலிருந்து மீண்டும்

இரண்டு எட்டுகளாக வாங்கினேன், தம்பி. தனிக் கார்டு இல்லாதபோது திரைக்கான வேலையும் ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. இரண்டு ரேம்கள் இரு வழியாக ஓடினால் அதற்கு மூச்சு விட இடம் கிடைக்கும். ஆனால் நான் வாங்கிய எச்610 வகை மதர்போர்டில் ரேமுக்கு இரண்டே துளைகள். 32 ஜீபி வேண்டுமென்று மகள் கேட்டால் இரண்டையும் கழற்றி விற்றுவிட்டுத்தான் புதிதாக வாங்கவேண்டும். பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தேன். வாரன்டியில் ஓர் ஆண்டு என்பது 350 நாள் என்று அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அதையும் வாங்கும் நாளிலேயே வாசித்துவிடுங்கள்.