நீ கேப் (முழங்கால் உறை), சாக்ஸ்: எது ஜவுளி, எது மருத்துவக் கருவி?

கேள்வி (பின்னலாடை யூனிட், திருப்பூர்):
மூன்று சரக்கு. எலாஸ்டிக் நீ கேப். விளிம்பு இறுக்காத சாக்ஸ். உள்ளே மெந்தால் பேட் வைத்த நீ கேப். "ஜவுளிதானே, எந்த லைசென்ஸும் வேண்டாம்" என்கிறார் பையர். சரியா?

பதில் 1:
துணியா உலோகமா என்று சட்டம் பார்ப்பதில்லை. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 11.2.2020 அறிவிக்கைப்படி, நோயைக் கண்டறிய, தடுக்க, கண்காணிக்க, தணிக்க, அல்லது காயத்துக்கும் ஊனத்துக்கும் உதவ என்று நீங்கள் விற்கும் எதுவும் மருத்துவக் கருவி. என்ன சொல்லி விற்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

சாக்ஸையே எடுங்கள். அட்டையில் "தளர்வான விளிம்பு, தடம் பதியாது" என்றிருந்தால் அது சாக்ஸ். அதே சாக்ஸில் "சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் புண் வராமல் தடுக்கும்" என்று அச்சடித்த நிமிடம் கருவி ஆகிவிடும். நூல், ஊசி, தையல் எதுவும் மாறவில்லை, பாருங்கள். அட்டையைத் திருத்திவிட்டு ஆன்லைன் விற்பனைப் பக்கத்தில் பழைய வாசகத்தை விட்டுவைப்பார்கள். மாட்டுவது அங்கேதான், விளம்பரமும் கணக்கில் சேரும்.

மூன்றாவது சரக்குக்குச் சோதனை இது: பேடை எடுத்துவிட்டாலும் நீங்கள் சொல்லும் பலன் தொடருமா? தொடர்ந்தால் கருவி, மெந்தால் துணை. தொடராது, வலியைக் குறைப்பதே மெந்தால்தான் என்றால் அது மருந்து. லைசென்ஸ் வழியே வேறு.

பதில் 2:
நீ கேப் விஷயத்தில் கொஞ்சம் கவனம். உடலமைப்புக்குத் "தாங்கல்" தருவதும் அந்த அறிவிக்கையின் வரையறையில் இருக்கிறது. "ஓட்டப் பயிற்சிக்கு" என்று போட்டாலே தப்பிவிடலாம் என நான் நம்பமாட்டேன். "ஜவ்வு காயத்துக்குப் பின் மூட்டைத் தாங்கும்" என்றால் சந்தேகமே இல்லை.

பயப்படவும் வேண்டாம். ஸ்டெரைல் செய்யாத, அளவிடாத கிளாஸ் ஏ (ஆபத்து மிகக் குறைந்த வகை) கருவிக்கு 2022 அக்டோபரிலிருந்து உற்பத்தி லைசென்ஸ் வேண்டியதில்லை. சிடிஎஸ்சிஓ (மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) போர்ட்டலில் சுய உறுதிமொழி கொடுத்துப் பதிவு எண் வாங்கினால் போதும். ஸ்டெரைல் செய்து விற்றால் கதை வேறு: மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் எம்டி-3 படிவத்தில் விண்ணப்பம், எம்டி-5 படிவத்தில் லைசென்ஸ்.

கேட்டவர்:
நன்றி சார். கம்ப்ரெஷன் சாக்ஸில் "20–30 எம்எம்எச்ஜி" என்று அழுத்த அளவைப் போடச் சொல்கிறார்கள். அப்போது "அளவிடும் கருவி" ஆகிவிடுமா?

பதில் 1:
ஆகாது. தெர்மாமீட்டர் அளக்கிறது, சாக்ஸ் அளப்பதில்லை, அழுத்துகிறது. ஆனால் அந்த எண் நரம்புச் சுருட்டலுக்கான சாக்ஸ் என்றே படிக்கப்படும், கருவிதான். கணுக்காலில் அந்த அழுத்தம் உண்மையில் வருகிறது என்பதற்கு சைஸ் வாரியாக டெஸ்ட் ரிப்போர்ட் கையில் இல்லாமல் எண்ணை அச்சடிக்காதீர்கள்.

பதில் 2:
"ருமாட்டிசம் குணமாகும்" என்ற வரியும் வேண்டாம். 1954 மாய மருந்து விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் அந்த நோய் இருக்கிறது. கருவியாகப் பதிவு செய்திருந்தாலும் காப்பாற்றாது.